கண்ணும் கணக்கு நோட்டும்

வேளாண் மன்றங்களில் ஆடுகளைத் தரம் பார்த்து வரிசைப்படுத்தும் ஒரு போட்டி உண்டு. நான்கு பெட்டை ஆடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அட்டை: 1, 2, 3, 4. கால் மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். பிறகு எது முதல், எது கடைசி என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். இதுவரைக்கும் எனக்குப் பயம் இருந்ததில்லை. அடுத்ததுதான் பயம். தனி அறைக்குள் போய், நடுவர் முன்னால் நின்று, ஏன் அப்படி வரிசைப்படுத்தினேன் என்று இரண்டு நிமிடத்துக்குள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கையில் தாள் கூடாது.

13 வயதில் நான் அந்த அறைக்குள் போனேன். "மூன்றாம் எண் ஆடு நல்லா இருக்கு" என்றேன். நடுவர் காத்திருந்தார். பிறகு மெதுவாக, "நல்லா இருக்குன்னா எப்படி?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மீதி நேரம் முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேரம் முடிந்ததும் அவர், "உன் கண்ணுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. அதுக்கு வார்த்தை தேடு" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

போன மாதம் ஒரு தாய் என்னிடம் வந்து, "பிள்ளையை உங்க மன்றத்துல சேர்த்தா என்ன கிடைக்கும்? படிப்பு கெடாதா?" என்று கேட்டார். அவசரத்தில் ஏதோ பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அது சரியான பதில் இல்லை என்று வீட்டுக்கு வந்த பிறகு உறுத்தியது. கிராமத்துப் பிள்ளைகளுக்கான வேளாண் மன்றத்தில் 12 வயதில் சேர்ந்து, இன்றைக்கு அதே மாதிரியான ஒரு மன்றத்தை நடத்த உதவுகிற நான், அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் அந்த ஆடுகளின் கதையை முடித்துவிடுகிறேன்.

அந்தத் தோல்விக்குப் பிறகு எங்கள் மன்றத்தின் வழிகாட்டி (ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்) எனக்கு ஒரு வேலை கொடுத்தார். தினமும் ஒரே ஓர் ஆட்டைப் பார்த்து ஐந்து வாக்கியம் சொல்ல வேண்டும். "நல்லா இருக்கு", "அழகா இருக்கு", "மோசம்" ஆகிய மூன்று சொற்களுக்கும் தடை. முதல் நாள் ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை. இரண்டாம் வாரத்தில், "முதுகு தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் நேராக இருக்கிறது, வால் பக்கம் சட்டென்று சரிகிறது" என்று சொன்னேன். "பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு கால்களுக்கும் நடுவே மடி தங்க இடம் இருக்கிறது" என்றேன். "மடி வயிற்றோடு அகலமாக ஒட்டியிருக்கிறது, தொங்கவில்லை. காம்புகள் ஒரே அளவு." கண் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. சொல் கிடைத்த பிறகுதான் நான் பார்ப்பது எனக்கே தெரிந்தது.

காரணம் சொல்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. நான்கு ஆடுகளை மூன்று ஜோடிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலாவதும் இரண்டாவதும், இரண்டாவதும் மூன்றாவதும், மூன்றாவதும் நான்காவதும். ஒவ்வொரு ஜோடியிலும் மேலே வைத்ததற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். அதோடு விடக் கூடாது. கீழே வைத்த ஆட்டிடம் என்ன சிறப்பு இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். "ஒன்றாம் எண்ணுக்கு நெஞ்சு இன்னும் அகலம், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் மூன்றாம் எண்ணின் மடி ஒட்டு உறுதியாக இருப்பதால் அதை மேலே வைக்கிறேன்." இந்தப் பழக்கத்தை எந்த வகுப்பறையிலும் எனக்கு யாரும் கற்றுத் தந்ததில்லை. பட்டிமன்றத்தில்கூட எதிர் அணியின் நியாயத்தை மறைக்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். இங்கே அதை ஒளித்தால் மதிப்பெண் குறையும்.

மதிப்பெண் போடும் முறையும் எனக்கு மிகவும் பிடித்தது. வரிசைக்கு 50, காரணத்துக்கு 50. நடுவரின் வரிசை 3-1-4-2 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் என்று அவர் முன்கூட்டியே எண் கொடுத்திருப்பார். முதல் ஜோடிக்கு 2, நடு ஜோடிக்கு 5, கடைசி ஜோடிக்கு 4. 3ஐயும் 1ஐயும் நான் மாற்றி வைத்திருந்தால் எனக்கு 48 கிடைக்கும். அந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதில் தவறுவது பெரிய குற்றம் இல்லை. நடு ஜோடியை மாற்றினால் 45. வரிசையை அப்படியே தலைகீழாக வைத்தவனுக்கு 12தான்; தள்ளி நிற்கும் ஜோடிகளும் சேர்ந்து ஆறு ஜோடியும் தவறாகி, மொத்தம் 38 குறைந்துவிடும். எந்தத் தவறு சின்னது, எந்தத் தவறு பெரியது என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது. சரி, தப்பு என்று இரண்டே பெட்டிகள் உள்ள தேர்வுகளை எழுதிவந்த எனக்கு இது புதிதாக இருந்தது.

அடுத்த வருடம் அதே அறைக்குள் போய் ஒன்றே முக்கால் நிமிடம் பேசினேன். பரிசு கிடைக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல்கூட அம்மாவிடம் அந்த முழுப் பேச்சையும் இன்னொரு முறை சொல்லிக் காட்டினேன்.

இப்படிப்பட்ட மன்றங்கள் எப்படி வந்தன என்று பிற்பாடுதான் தேடிப் படித்தேன். 1902 ஜனவரி 15 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கிளார்க் கவுண்டியில், ஏ. பி. கிரகாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டினார். மக்காச்சோளம், தோட்டம், மண் என்று ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தார். பின்னாளில் 4-எச் என்று உலகம் முழுக்கப் பரவிய இயக்கத்தின் தொடக்கம் அதுதான் என்று சொல்வார்கள். தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்குக்கும் ஆங்கிலத்தில் எச் எழுத்துதான் முதல், அதனால் அந்தப் பெயர். சின்னமாக நான்கு இலை. 1910இல் தென் கரோலினாவின் எய்க்கன் கவுண்டியில் மேரி குரோமர் என்ற ஆசிரியை பெண் பிள்ளைகளுக்குத் தக்காளி மன்றம் தொடங்கினார். ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு ஏக்கர். அதே ஆண்டு அதே மாநிலத்தில் ஜெர்ரி மூர் என்ற சிறுவன் ஒரே ஏக்கரில் 228¾ புஷல் மக்காச்சோளம் எடுத்தான். நம் கணக்கில் ஏறத்தாழ 5.8 டன். சுற்றிலும் இருந்த பெரியவர்கள் அதில் சிறு பங்குதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாளில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சொன்ன புது முறைகளைப் பெரிய விவசாயிகள் காதில் வாங்கவில்லை. பிள்ளைகளிடம் சொன்னால் செய்து பார்த்தார்கள். மகன் பாத்தியில் விளைந்ததை அப்பா வரப்பில் நின்று பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1914இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம், இந்த மன்றங்கள் விரிவாக்கப் பணியோடு (பல்கலைக்கழகத்தின் புது முறைகளை விவசாயிகளிடம் கொண்டு சேர்க்கும் வேலை) சேர்ந்து நாடு முழுக்கப் பரவ வழி செய்தது. இங்கிலாந்தில் 1921இல் டெவன் பகுதியின் ஹெம்யாக் கிராமத்தில் கன்று வளர்ப்பு மன்றமாக இதே மாதிரி ஒன்று தொடங்கியது. இளம் விவசாயிகள் மன்றங்களின் கூட்டமைப்பு 1932இல் வந்தது. அங்கே 10 வயது முதல் 28 வயது வரை உறுப்பினராக இருக்கலாம்.

இந்த வரலாற்றில் எனக்கு வலிக்கிற பக்கமும் உண்டு. 1928இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் தொடங்கிய எஃப்எஃப்ஏ என்ற வேளாண் மாணவர் அமைப்பு, தேசிய அளவில் பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது 1969இல்தான். 41 வருடம். எத்தனை பெண் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று அண்ணன்மார் ஆட்டைப் பிடித்து நடப்பதைப் பார்த்திருப்பார்கள் என்று யோசிப்பேன். எங்கள் மன்றத்தில் பொருளாளர் பொறுப்புக்கு ஒரு வருடம் பையன் என்றால் அடுத்த வருடம் பெண் பிள்ளை என்ற விதியை நான் விடாமல் காப்பாற்றிவருவது இதனால்தான்.

இனி நோட்டு.

மன்றத்தில் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு திட்டம் எடுக்க வேண்டும். பயிர், ஆடு, கோழி, தேனீ, மண்புழு உரம் என்று எதுவாகவும் இருக்கலாம். கூடவே ஒரு நோட்டும் வரும். எவ்வளவு தீவனம் போட்டோம், எவ்வளவு எடை ஏறியது, எதற்குச் செலவு, என்ன வரவு, என்ன நோய், யார் வந்து பார்த்தார்கள் என்று எல்லாம் தேதி போட்டு எழுத வேண்டும். நான் எடுத்தது ஒரு வெள்ளாட்டுக் குட்டி. தராசு இல்லாத நாளில் எடை பார்க்க ஐயா ஒரு வழி சொல்லித் தந்தார். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுக்க வேண்டும். தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரை நீளம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் பவுண்டில் எடை. என் குட்டிக்குச் சுற்றளவு 24, நீளம் 22 வந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. 42 பவுண்டு, அதாவது 19 கிலோ. மறுநாள் தராசில் நிறுத்தியபோது அரை கிலோதான் வித்தியாசம். வகுத்தல் கணக்கு அதுவரை எனக்கு வீட்டுப்பாடம். அன்றைக்கு அது ஆட்டைத் தூக்கிப் பார்க்காமலே எடை சொல்லிவிட்டது.

கீழ் இமையை மெல்ல இழுத்து உள்நிறம் பார்ப்பதையும் அங்கேதான் கற்றேன். தென்னாப்பிரிக்காவில் உருவான ஒரு வண்ண அட்டை இருக்கிறது. நல்ல சிவப்பிலிருந்து வெளிறிய வெள்ளை வரை ஐந்து படிகள். இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு ஆட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதை இமையின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். வெளிறியவற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதும். மந்தை முழுவதற்கும் மருந்து ஊற்றினால் புழுக்கள் மருந்துக்குப் பழகிவிடும். ஒரு மருத்துவர் ஒரு மாலை வந்து சொல்லித் தந்துவிட்டுப் போன விஷயம் இது. 13 வயதில் கற்றது, இன்றைக்கும் கைக்கு வருகிறது.

எழுதத் தயக்கமாக இருக்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் குட்டி செத்துப்போனது. ஒரு சாயங்காலம் தீவனப் பீப்பாயின் மூடியை நான் சரியாகத் தாழிடவில்லை. இரவில் அது கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய் மக்காச்சோளத்தை வயிறு முட்டத் தின்றுவிட்டது. தானியம் திடீரென்று அளவுக்கு மேல் உள்ளே போனால் ஆட்டின் முதல் வயிற்றில் அமிலம் பெருகும். தழையைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் மடிந்துபோகும். காலையில் பார்க்கும்போது வயிறு உப்பி, தலையைத் தொங்கப்போட்டு நின்றது. மருத்துவர் வருவதற்குள் படுத்துவிட்டது. மதியத்தில் போய்விட்டது.

நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மன்றத்திலிருந்து விலகிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஐயா வீட்டுக்கு வந்தார். திட்டவும் இல்லை, ஆறுதலாகவும் எதுவும் சொல்லவில்லை. வெகு நேரம் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு, "எழுதும்மா. என்ன நடந்துச்சோ அதை மட்டும் எழுது" என்றார். எழுதினேன். "மூடியை நான் தாழிடவில்லை. இரவு எவ்வளவு தின்றது என்று தெரியாது. காலையில் பீப்பாயில் ஏறத்தாழ இரண்டு கிலோ குறைந்திருந்தது." அடுத்த கூட்டத்தில் அதை எல்லோருக்கும் முன்னால் படிக்கச் சொன்னார். குரல் நடுங்கியது, ஆனாலும் படித்தேன். படித்து முடித்ததும் ஒரு பையன் எழுந்து, எல்லா உறுப்பினர்களின் தீவனப் பீப்பாய்க்கும் கொக்கி போட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தான். இன்னொருத்தி வழிமொழிந்தாள். கை தூக்கினோம். கூட்டக் குறிப்பேட்டில் அது ஏறியது. என் குட்டி போனதால் 22 பீப்பாய்களுக்குக் கொக்கி வந்தது. அதற்குப் பிறகு நான் அந்த மன்றத்தில் இருந்தவரை தீவனம் தின்று ஒரு குட்டியும் சாகவில்லை.

தீர்மானம், வழிமொழிதல், கூட்டக் குறிப்பு என்பதெல்லாம் பெரியவர்களுக்குச் சலிப்பான சொற்கள். பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. தான் சொன்னது குறிப்பேட்டில் ஏறி அடுத்த மாதம் எல்லோர் முன்னிலும் வாசிக்கப்படுகிறது என்பதை ஒரு 11 வயதுப் பிள்ளை முதல்முறை பார்க்கும்போது அதன் முகத்தைக் கவனித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் பெற்றோர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து பிள்ளையின் ஆட்டுக்கு நீங்கள் தீவனம் வைக்காதீர்கள். போட்டிக்கு முந்தைய நாள் நீங்களே குளிப்பாட்டி, நீங்களே குளம்பு வெட்டி, கயிற்றை மட்டும் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். பரிசு கிடைக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வந்திருக்க வேண்டிய ஒன்றை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். ஆடு பசியோடு கத்தும்போது எழுந்து போக வேண்டியவள் அவள்தான். உடல்நலம் சரியில்லாத நாளில் உதவுங்கள், அதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கண்ணைப் பழக்குவது, கணக்கு எழுதுவது என்று இரண்டு வேலையைப் பற்றிச் சொன்னேன். இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதும்போதுதான் மன்றம் உண்மையில் வேலை செய்கிறது என்பது என் எண்ணம். இதற்கு நான் பிள்ளைகளிடம் எப்போதும் சொல்கிற கதை ஹென்றி வாலஸின் கதை.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோவா மாநிலத்தில் மக்காச்சோளக் கதிர் போட்டிகள் பிரமாதமாக நடக்கும். கதிர் உருளையாக இருக்கிறதா, மணிகள் வரிசை பிசகாமல் இருக்கின்றனவா, நுனி வரை மணி பிடித்திருக்கிறதா என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். அழகான கதிர்தான் நல்ல விதை என்று பேராசிரியர்களே கற்பித்தார்கள். 15 வயதுப் பையனாக இருந்த வாலஸுக்கு ஒரு சந்தேகம். பன்றிக்குக் கதிரின் அழகு எதற்கு? பெரி ஹோல்டன் என்ற பேராசிரியர் மதிப்பிட்ட கதிர்களை வாங்கிவந்து, ஒவ்வொரு கதிரின் மணிகளையும் தனித்தனி வரிசையாக 1904இல் நட்டான். அறுவடையில் ஒவ்வொரு வரிசையையும் தனியே எடை போட்டான். அழகுக்கும் விளைச்சலுக்கும் சம்பந்தமே இல்லை என்று தராசு சொன்னது. பிற்காலத்தில் அவரே 1926இல் வீரிய ஒட்டு மக்காச்சோள விதைக்கென ஒரு நிறுவனம் தொடங்கினார், 1933இல் அமெரிக்காவின் வேளாண் அமைச்சரானார், பிறகு துணைக் குடியரசுத் தலைவராகவும் இருந்தார்.

அவர் பெரிய பதவிக்குப் போனார் என்பதற்காக நான் இதைச் சொல்வதில்லை. பெரியவர்கள் எல்லோரும் கண்ணால் பார்த்துத் தலையாட்டிய ஒன்றை, ஒரு பையன் வரிசை வரிசையாக நட்டு எடை போட்டுப் பார்த்தான். அந்த எடை போடுதலை எங்கள் மன்றத்திலும் செய்ய முடியும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

செய்தோம். செய்து தவறினோம். எனக்கு 15 வயது இருக்கும்போது, மட்கிய உரம் போட்ட பாத்தி ஒன்று, போடாத பாத்தி ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் கீரை விதைத்தோம். உரம் போட்ட பாத்தியில் விளைச்சல் குறைந்தது! எல்லோரும் குழம்பிப்போனோம். நோட்டை வைத்துக்கொண்டு பேசும்போது எங்களில் மிகச் சின்னவள், "அந்தப் பக்கம் மூணு மணிக்கே மரத்து நிழல் வந்துடுதே" என்றாள். அவள் தினமும் சாயங்காலம் தண்ணீர் ஊற்றுகிறவள், அதனால் அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அடுத்த பருவத்தில் எட்டுச் சின்னப் பாத்திகள் போட்டோம். எதற்கு உரம், எதற்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். நிழல் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. உரம் போட்ட நான்கு பாத்திகளில் மூன்று முந்தின. நான்காவது ஏன் முந்தவில்லை என்று எங்களுக்குத் தெரியவில்லை. "தெரியவில்லை" என்றே எழுதி வைத்தோம். சோதனைப் பாத்திகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது புள்ளியியலில் ஒரு பெரிய பாடம் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கல்லூரியில் அதைக் கேட்டபோது எனக்கு அந்த மரத்தின் நிழல்தான் கண்ணில் வந்தது.

மண் எடுப்பதும் அப்படித்தான். வயலில் ஒரே இடத்தில் மண்ணை வாரி அனுப்பினால் அந்த ஓர் இடத்தின் கதைதான் கிடைக்கும். வளைந்து வளைந்து நடந்து, பத்துப் பதினைந்து இடத்தில் மேல் சருகை விலக்கி, ஆங்கில வி எழுத்து மாதிரிக் குழி வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை ஓரத்தைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டை ஒதுக்க வேண்டும். மீதியைக் கலந்து மறுபடியும் அப்படியே, அரைக் கிலோ வரும் வரை. வரப்போரம், எருக்குழி, மரத்தடி கூடவே கூடாது. பிள்ளைகள் இதை விளையாட்டாக ஒரு காலையில் செய்துவிடுவார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் அடுத்த முறை அவர்களைக் கேட்டுத்தான் மண் எடுப்பார்கள்.

சரி, வாய்ப்புகளைப் பற்றித்தானே அந்தத் தாய் கேட்டார்.

எனக்குக் கிடைத்த வாய்ப்பு நூறு விதையில் தொடங்கியது. ஈரத் துணியில் பத்து வரிசை, வரிசைக்குப் பத்து விதை, சுருட்டி நிழலில் வைப்பது. சில நாள் கழித்துப் பிரித்து எண்ணினால் முளைப்புத் திறன். 86 முளைத்தால், நூறு செடி வேண்டுமென்றால் 117 விதை போட வேண்டும். இதை 14 வயதில் மன்றத்துக் கொட்டகையில் செய்தேன். இன்றைக்கு எனக்கு வேலை விதைப் பரிசோதனைக் கூடத்தில். இங்கே 400 விதை எண்ணுகிறோம், நூறு நூறாக நான்கு தடவை. முளை வந்தால் மட்டும் போதாது, வேரும் தண்டும் ஒழுங்காக வளர்ந்த இயல்பான நாற்றா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 1924இல் தொடங்கிய பன்னாட்டு விதைப் பரிசோதனைச் சங்கம் இதற்கான விதிகளை வகுத்துவருகிறது. எங்கிருந்து எங்கே விதை போனாலும் எண்ணுகிற முறை ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா. முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தபோது மேலாளர் ஒரு தட்டைக் காட்டி, இந்த நாற்றை எந்த வகையில் சேர்ப்பாய், ஏன் என்று கேட்டார். இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிவிட்டேன்.

என்னோடு மன்றத்தில் இருந்தவர்களில் ஒருவர் கால்நடை மருத்துவர். ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர், பொருளாளராக இருந்து பழகிய கை. ஒருத்தி தேனீப் பெட்டி திட்டத்தோடு தொடங்கி இப்போது நாற்பது பெட்டி வைத்திருக்கிறாள். முட்டையிட்டதிலிருந்து ராணித் தேனீ வெளிவர 16 நாள், வேலைக்காரத் தேனீக்கு 21, ஆண் தேனீக்கு 24 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். விவசாயத்துக்கே வராதவர்களும் உண்டு. ஒருவர் வழக்கறிஞர். கீழே வைத்த ஆட்டின் சிறப்பை ஒப்புக்கொள்வது தன் தொழிலில் எத்தனை முறை உதவியிருக்கிறது என்று சந்திக்கும்போதெல்லாம் சொல்வார். வெளிநாட்டு விவசாயக் குடும்பங்களோடு தங்கி வேலை பழகும் இளைஞர் பரிமாற்றத் திட்டங்கள் 1948 முதலே இருக்கின்றன, கல்வி உதவித்தொகை தரும் மன்றங்களும் உண்டு. அதெல்லாம் நல்லதுதான். ஆனால் அதை எதிர்பார்த்துப் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். பல பிள்ளைகளுக்கு அது கிடைக்காது. நோட்டும் இரண்டு நிமிடமும் எல்லோருக்கும் கிடைக்கும்.

படிப்பு கெடாதா என்ற கேள்விக்கும் நேர்மையாகச் சொல்கிறேன். குட்டி ஈனும் இரவில் பிள்ளை தூங்காது. மறுநாள் பள்ளியில் கண்ணயரலாம். வருடத்தில் நான்கைந்து நாள் அப்படிப் போகும். மற்ற நாட்களில் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் போகும். கைபேசியில் போகிற நேரத்தைவிட அது குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது.

இனி சென்ற மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

பயிற்சிக்காக மன்றத்துப் பிள்ளைகளின் ஆடுகள் நான்கை வரிசையாக நிறுத்தினோம். நான்தான் நடுவர். இரண்டாம் எண் ஆட்டைக் கடைசியில் வைத்தேன். பின்பக்கம் செங்குத்தாகச் சரிந்திருந்தது, முன்னங்கால் கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தது. 14 வயதுச் சிறுமி ஒருத்தி அதே ஆட்டை முதலில் வைத்திருந்தாள். கூப்பிட்டுக் காரணம் கேட்டேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "இரண்டாம் எண்ணுக்கு இடுப்பு சரிவு, முன்கால் வளைவு ரெண்டும் இருக்கு அக்கா, ஒத்துக்கிறேன். ஆனா மடி அகலமா, மெத்துன்னு இருக்கு. கறந்ததும் நல்லாச் சுருங்குது. வயித்துக் கொள்ளளவும் அதுக்குத்தான் அதிகம். பாலுக்கு வளர்க்கிற ஆடுன்னு நீங்க சொன்னதால அதை மேல வச்சேன்" என்றாள். ஒன்றரை நிமிடம். தடுமாறவில்லை. காரணத்துக்கு 50க்கு 46 கொடுத்தேன். வரிசைக்கு 31தான் கொடுக்க முடிந்தது.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவள் தயங்கித் தயங்கி வந்து நான்கு ஆடுகளின் பால் நோட்டுகளையும் மேசைமேல் வைத்தாள். நான்கு பிள்ளைகளிடமும் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். மூன்று மாதம், காலையும் மாலையும் எடை போட்டு எழுதியது. நான் முதலில் வைத்த ஆடு நாளுக்குச் சராசரி 1.6 கிலோ. நான் கடைசியில் வைத்த இரண்டாம் எண் 2.1.

தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஈன்ற நாள் நான்குக்கும் ஒரே வாரத்துக்குள். விடுபட்ட நாட்கள் சிவப்பு மையில். இரண்டு இடத்தில் "இன்று அம்மா கறந்தார்" என்று எழுதியிருந்தது. நோட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவளிடம், "உன் வரிசைதான் சரி. நான் காலைப் பார்த்த அளவுக்கு மடியைப் பார்க்கலை" என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "காலும் முக்கியம்தான் அக்கா, இது எத்தனை ஈத்து தாங்குமோ தெரியாது. அதையும் எழுதிட்டு வரணும்" என்றாள்.

அந்த ஆட்டின் குட்டிகள் இரண்டும் பெட்டை. ஒன்றை அவளே அடுத்த திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறாள். தாயின் கால் குட்டிக்கும் வருகிறதா என்று பார்க்கப் போகிறாளாம். அடுத்த கூட்டத்தில் இன்னும் நான்கு ஆடுகளை நிறுத்துகிறோம். இந்த முறை எல்லோரும் வரிசை எழுதிக் கொடுத்த பிறகு, என்னுடையதும் சேர்த்து, பால் நோட்டுகளைத் திறப்பதாக முடிவு செய்திருக்கிறோம். தீர்மானத்தை அவள்தான் கொண்டுவந்தாள். நான் வழிமொழிந்தேன்.